ஹந்தானையின் இரு தரகர்கள்

கண்டி நகருக்குத் தென்மேற்கே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலையை அறியாத மாணவர் இப்பகுதியில் இரார். அதன் அடிவாரத்தில் 1952இல் பல்கலைக்கழகம் குடிபுகுந்தது. அதன் சரிவிலே 1925இல் எழுப்பப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. அங்குள்ள பழைய உருளைகளையும் உலர்த்திகளையும் எஞ்சின்களையும் நம் மாணவர் வியந்து நோக்குவர். அவ்வியந்திரங்களை வாங்கிய பணம் எவர் கைவழி வந்தது? அவற்றைச் சுழற்றிய மனிதர் எவர் கைவழி வந்தனர்? இவ்விரு வினாக்களையும் எழுப்புவது ஆசிரியராகிய நம் கடமை.

இரண்டுக்கும் விடை ஒன்றே. பணமும் தரகர் கைவழி வந்தது; மனிதரும் தரகர் கைவழியே வந்தனர். பணத்தைக் கொணர்ந்த தரகர் கொழும்பின் ஏஜன்சிக் கம்பனிக்காரர். மனிதரைக் கொணர்ந்த தரகர் பெரிய கங்காணி. முதலாமவரை ஐரோப்பிய முதலீட்டாளன் தேடி, விசாரித்துத் தேர்ந்தெடுத்தான். இரண்டாமவரைத் தொழிலாளி தேர்ந்தெடுத்தானா என்பதே இக்கட்டுரை ஆராய விழைவது.

மூன்று வினாக்கள்

இன்று ஐரோப்பாவில் வாழும் நடுத்தரச் சேமிப்பாளன் ஒருவன் பங்கு வாங்க விரும்பினால் கைத்தொலைபேசியிலேயே ஒரு தரகு நிறுவனத்தில் கணக்குத் திறந்து விடுகிறான். இணையவழித் தரகு நிறுவனங்கள் எண்ணற்றவை. அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன் அறிவுள்ளவன் மூன்று வினாக்களை எழுப்புவான். தரகன் தன் கூலியை யாரிடமிருந்து பெறுகிறான்? நாம் வாங்கும் சொத்து யார் பெயரில் இருக்கிறது? தரகன் முறிந்து போனால் நம் கதி என்ன?

இம்மூன்றுக்கும் ஐரோப்பியச் சட்டம் ஓரளவு விடை வகுத்திருக்கின்றது. வாடிக்கையாளர் சொத்தைத் தரகு நிறுவனம் தன் சொத்தோடு கலவாமல் வேறாக வைத்தல் வேண்டும். நிறுவனம் முறிந்து, சொத்தைத் திருப்பித் தர இயலாது போயின், 1997ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரைப்படி குறைந்தது 20,000 யூரோ வரை இழப்பீட்டுக்கு வழியுண்டு. பங்கின் விலை வீழ்ந்து வரும் நட்டத்துக்கு அது பொருந்தாது. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தொகுதி, கட்டணங்கள் அனைத்தையும் முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. ‘கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்த நிறுவனங்கள் சில, வாடிக்கையாளரின் கட்டளையை வேறொரு வணிகருக்கு அனுப்பி, அவரிடம் கைக்கூலி பெற்று வந்தன. 2024இல் நிறைவேறிய சட்டம் இம்முறையைத் தடைசெய்து, ஏற்கெனவே அதனை அனுமதித்திருந்த நாடுகளுக்கு 2026 ஜூன் 30 வரை மாத்திரமே அவகாசம் அளித்தது.

இவை வானத்திலிருந்து விழுந்த நன்மைகளல்ல. முதலீட்டாளர் ஒவ்வொரு வீழ்ச்சியிலும் அடிபட்டு, கூடிக் கூச்சலிட்டு, தம் அரசுகளை நெருக்கிப் பெற்ற காப்புகள் இவை. அவ்வடிகளுட் சில நம் கண்டி மலைகளில் விழுந்தவை.

கறுவாவின் பங்குதாரர்

ஐரோப்பியன் பங்குச் சீட்டை முதன்முதலிற் பெருமளவில் கையிலெடுத்தது 1602இல், ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி தோன்றியபோது. ஆம்ஸ்டர்டாம் நகரில் அப்பங்குகளை வாங்கி விற்கத் தரகர் கூட்டமொன்று உருவாயிற்று. அச்சந்தையின் சூழ்ச்சிகளைச் சித்திரிக்கும் நூலொன்றை யோசப் டி லா வேகா என்பார் 1688இலேயே எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் அப்பங்குதாரர் பெற்ற இலாபத்தில் இலங்கைக் கறுவாவுக்கும் பங்குண்டு. 1638இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்து இத்தீவில் கால்வைத்த அக்கம்பனி, 1766இன் உடன்படிக்கையால் கண்டி இராச்சியத்தைக் கடலிலிருந்து முற்றாகப் பிரித்தது. ஆம்ஸ்டர்டாம் முதலீட்டாளனுக்குத் தன் தரகனின் பெயர் தெரியும். கறுவாப் பட்டை உரித்த கை யாருடையதென்பது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவனுக்கு இருக்கவில்லை. கம்பனி கடனில் மூழ்கி 1799இன் இறுதியில் மறைந்தது. தூரத்திலிருந்து முதலிடும் முறையோ மறையவில்லை.

கோப்பியும் ஏஜன்சியும்

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அருகில் சின்னபிட்டியவில் கோப்பி பயிரிட்டார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவவில் தாமே கோப்பித் தோட்டம் வைத்தார். 1835இல் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இலங்கைக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் சுங்கவரி சமமாக்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்து கோப்பி விளைவு குன்றிய வேளையும் அதுவே. கண்டி மலைகளின்மீது லண்டன் பணத்தின் பார்வை விழுந்தது. ஹந்தானையும் அக்காலக் கோப்பி வட்டாரங்களுள் ஒன்றாயிற்று.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத கிராம மக்களின் காட்டையும் சேனையையும் அரசின் உடைமையாகக் கொள்ள வழி செய்தது. அந்நிலம் ஏக்கருக்கு ஐந்து ஷில்லிங் விலையில் விற்கப்பட்டது. வாங்கியவர் யார்? தேசாதிபதி ஸ்டூவர்ட் மக்கென்சி, குடியேற்றச் செயலாளர் அன்ஸ்ட்ருதர் முதலாக அரசின் உத்தியோகத்தர் பலர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையின் இருபுறத்தும் அமர்ந்த காலம் அது. 1844இல் விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது.

இவ்வாறு திறந்த மலைகளுக்கு ஸ்கொத்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பணம் பாய்ந்தது. பணம் அனுப்பியவருட் பலர் இலங்கையை வரைபடத்தில் மட்டுமே கண்டவர். அவர்களுக்கு ஒரு முகவர் வேண்டியிருந்தது. 1835இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியும் 1841இல் தொடங்கிய மக்வூட்ஸ் கம்பனியும் போன்ற கொழும்பு வணிக இல்லங்கள் அத்தேவையை நிறைவேற்றின. தோட்டத்துக்குத் துரையை நியமித்தல், கணக்குப் பார்த்தல், விளைச்சலைக் கப்பலேற்றுதல், பணமில்லாதபோது விளைச்சலின்மேற் கடன் கொடுத்தல் ஆகிய அனைத்தும் அவர்தம் பொறுப்பாயின. ‘விசிட்டிங் ஏசண்டு’ என்ற பெரிய துரை குறித்த காலத்தில் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து உடைமையாளனுக்கு அறிக்கை அனுப்புவார். 1854இல் தோட்டத்துரைமார் சங்கமும் கண்டி நகரிலேயே நிறுவப்பட்டது.

நாம் மேலே கூறிய மூன்று வினாக்களை இந்த ஏஜன்சிக் கம்பனியிடம் கேட்டுப் பார்ப்போம். அதன் கூலி எங்கிருந்து வந்தது? உடைமையாளன் கொடுக்கும் ஆண்டுக் கட்டணம் வெளிப்படையானது. அதற்கு அப்பால் விற்பனையிலே தரகு, உரத்திலே தரகு, தேயிலைப் பெட்டியிலே தரகு, கப்பற் கூலியிலும் காப்புறுதியிலும் தரகு. தோட்டம் இலாபம் கண்டாலும் நட்டம் கண்டாலும் ஏஜன்சியின் தரகு நிற்பதில்லை. ‘கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்த இன்றைய நிறுவனத்தின் மூதாதையை இங்கே காண்கிறோம்.

சொத்து யார் பெயரில்? உறுதியில் உடைமையாளன் பெயர் இருந்தது. ஆனால் விளைச்சல் ஏஜன்சிக்கு ஈடாக இருந்தது. கடன் முற்றியபோது தோட்டமே ஏஜன்சியின் கைக்கு மாறியது. முகவராக வந்தவர் முதலாளியாகிய வரலாறு மலையகத்தில் ஒன்றிரண்டல்ல.

தரகன் முறிந்தபோது

மூன்றாம் வினாவுக்கு விடை இருமுறை கிடைத்தது. 1847இல் லண்டனில் நிதி நெருக்கடி வெடித்தது. கோப்பி விலை வீழ்ந்தது. கண்டி மலைத் தோட்டங்கள் பல அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டன, சில காடாயின. இரண்டாம் அடி இதனினும் கொடிது. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சணமொன்று தோன்றியது. 1870இல் பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பியை ஏற்றுமதி செய்த தீவு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை ஏறத்தாழ இழந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வாரிக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அவ்வங்கியின் நோட்டுகளே அன்று இத்தீவின் கைமாற்றுப் பணம். தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசின் பெயரில் அந்நோட்டுகளுக்கு உத்தரவாதமளித்தார். அதன் பின்னரே நாணயத் தாள் வெளியிடும் பொறுப்பை அரசு மேற்கொண்டது.

இந்த வீழ்ச்சிகளிலிருந்து ஐரோப்பிய முதலீட்டாளன் பாடம் கற்றான். தனித் தோட்டத்தை நம்புவதை விடுத்துப் பங்குக் கம்பனியை நாடினான். இங்கிலாந்தில் 1855இலும் இலங்கையில் 1861ஆம் ஆண்டின் கூட்டுப்பங்குக் கம்பனிச் சட்டத்தாலும் ‘வரையறுத்த பொறுப்பு’ என்னும் கோட்பாடு நிலைபெற்றிருந்தது. கம்பனி எவ்வளவு கடன்பட்டாலும் பங்குதாரன் தன் பங்கின் பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் இழக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஊன்றிய தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. 1883 ஜூலை 30இல் கொழும்பில் சோமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1896இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் வேர் அச்சங்கமே. பெர்குசன் வெளியிட்ட இலங்கைக் கைந்நூலைப் புரட்டினால் தோட்டத்தின் பெயர், ஏக்கர் அளவு, உடைமையாளர், ஏசண்டு, துரை எனப் பட்டியல் விரியும். லண்டனிலோ எடின்பரோவிலோ இருந்தபடி ஒருவன் தன் முகவரை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க அது துணை செய்தது. 1910இல் றப்பர் விலை இறாத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியபோது, தோட்டத்தையே காணாத ஆயிரக்கணக்கானோர் தரகர் சொற்கேட்டுப் பங்கு வாங்கினர், பலர் சூடுகண்டனர். ஆயினும் சூடுகண்ட பூனைக்கும் வரம்பு இருந்தது. பங்கின் பெறுமதியோடு நட்டம் நின்றது.

துண்டு என்னும் காகிதம்

இனி மற்றைத் தரகரைக் காண்போம்.

தமிழ்நாட்டின் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சமும் சாதிக் கொடுமையும் வாட்டிய கிராமங்களுக்குக் கங்காணி வந்தார். தோட்டத்துரை கொடுத்த முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் கட்டினார். அம்முன்பணத்தில் வழிச்செலவு, உணவு, துணி, கங்காணி எழுதிய கணக்கு அனைத்தும் சேர்ந்து தொழிலாளியின் கடனாயின. மன்னார்க் கரையிறங்கி, காடு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தவர் எத்தனை பேர். வழியில் வீழ்ந்தவர் எத்தனை பேர்! மலைக்கு வந்து சேர்ந்தவன் பிரட்டுக் களத்தில் நின்ற முதல் நாளே கடனாளி.

கங்காணியின் கூலி எங்கிருந்து வந்தது? தொழிலாளியிடமிருந்தும் வந்தது, துரையிடமிருந்தும் வந்தது. தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று ‘தலைக்காசு’ அவருக்குக் கிடைத்தது. நோயாளியையும் மலைக்கு விரட்டுவதில் அவருக்கு இலாபம் இருந்தது. உழைப்பு என்னும் சொத்து யார் பெயரில்? பல தோட்டங்களில் நெடுங்காலம் சம்பளமே கங்காணி கைவழி வந்தது. கடன் கழித்து மீதியைத் தொழிலாளி கண்டால் அது அவன் நற்பேறு. உடன்படிக்கையை மீறித் தோட்டத்தை விட்டு ஓடியவனைச் சிறையிலிடச் சட்டமும் இருந்தது.

இம்முறையின் உச்சமாக விளங்கியது ‘துண்டு’. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கொடுப்பார். ‘இக்கங்காணியும் இவருடைய ஆட்களும் எமக்குத் தரவேண்டிய கடன் இவ்வளவு. குறித்த காலத்துக்குள் அத்தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம்’ என்பது அதன் பொருள். கங்காணி அத்துண்டோடு தோட்டந்தோட்டமாகச் சென்று, யார் அதிக முன்பணம் தருவாரோ அவரிடம் ஆட்களை இறக்குவார். கூடுதலாகப் பெற்ற பணம் கங்காணிக்கு. கூடிய கடனின் பாரம் ஆட்களின் தலையில்.

வாசகர் இரு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஒன்று பங்குச் சீட்டு, மற்றது துண்டு. இரண்டும் ஹந்தானை போன்ற மலைகளின் வருங்கால விளைச்சலை நம்பி எழுதப்பட்டவை, இரண்டும் கைமாறியவை, இரண்டுக்கும் தரகர் இருந்தனர். பங்குச் சீட்டு அதனை வைத்திருந்தவனின் உரிமையைச் சொன்னது. துண்டிலோ அதில் எண்ணிக்கையாக அடங்கியவனின் கடன் எழுதப்பட்டிருந்தது. முதலாளியின் நட்டத்துக்குச் சட்டம் வரம்பு கட்டிய அதே காலத்தில், தொழிலாளியின் கடனுக்கு வரம்பே இருக்கவில்லை. கணவனின் கடன் மனைவி கணக்கிலும் தந்தையின் கடன் மகன் கணக்கிலும் ஏற்றப்பட்டது. பங்குதாரனுக்கு ‘வரையறுத்த பொறுப்பு’. கொழுந்து கிள்ளியவளுக்கு வரையறையற்ற பொறுப்பு. இவ்விரண்டையும் ஒரே பாடமாகக் கற்பித்தாலன்றிக் குடியேற்றப் பொருளாதாரம் மாணவருக்கு விளங்காது.

தானே தேர்ந்த முகவர்

இந்தியாவில் எழுந்த கண்டனத்தின் விளைவாகவும் இங்கு எழுந்த கிளர்ச்சியின் விளைவாகவும் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் வந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். 1939ஆம் ஆண்டின் இறுதியில் கண்டிச் சீமையின் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. 1940 ஜனவரியில் பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அவ்வாண்டிலேயே துரைமார் தரப்பு தொழிற்சங்கங்களை ஏற்றுப் பேச இணங்கிய ஏழம்ச உடன்படிக்கை கைச்சாத்தானது.

இந்நிகழ்ச்சியின் உட்பொருளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தோட்டத் தொழிலாளி தன் சார்பில் பேச ஒரு முகவரைத் தானே தேர்ந்தெடுத்தது தொழிற்சங்கத்தின் வாயிலாகத்தான். அதற்கு ஓர் உயிர் விலையாயிற்று. சங்கங்களிலும் பிற்காலத்தில் கங்காணித்தனம் புகுந்ததென்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. சந்தாப் பணத்தைச் சம்பளத்தில் வெட்டிக்கொண்டு ஆளை மறந்த தலைவர்களையும் மலையகம் கண்டிருக்கின்றது. எனினும் சங்கத்தை விட்டு வேறு சங்கம் சேரத் தொழிலாளிக்கு உரிமையுண்டு. கங்காணியை விட்டுப் போக அவனுக்கு உரிமை இருந்ததில்லை.

அவ்வுரிமையின் அரசியற் பாதியை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் பறித்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. லண்டன் கம்பனிகளின் பங்குதாரருக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் இடமளித்தது. நான்கு தலைமுறை மலையில் உழைத்தவனின் இழப்பைக் கணக்கிடும் அட்டவணை எதுவும் அச்சட்டத்தில் இல்லை. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியபோது, ஹந்தானை அரசின் தோட்ட அபிவிருத்திச் சபையிடமே எஞ்சியது. அரசுத் தோட்டங்களில் சேமலாப நிதிப் பணமும் ஓய்வுப் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையாய்க் கிடந்தமை ஊரறிந்த செய்தி.

இன்றைய வினா

சேமலாப நிதி என்றவுடன் நாம் மீண்டும் தரகரிடமே வந்து சேர்கிறோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும் முதலாளி தரப்பில் 12 வீதமும் அதிற் சேர்கின்றன. மத்திய வங்கி அதனைப் பெரும்பாலும் அரசின் திறைசேரி முறிகளில் முதலிடுகின்றது. ஆகவே ஹந்தானையில் கொழுந்து கிள்ளும் பெண்ணும் இன்று ஒரு முதலீட்டாளரே! அவள் தன் தரகரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கட்டணப் பட்டியல் அவளிடம் காட்டப்படவில்லை.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாதென அறிவித்தது. இலங்கையின் சர்வதேச முறிகளை வைத்திருந்த அமெரிக்க, ஐரோப்பிய நிதி நிறுவனங்கள் குழுவாகச் சேர்ந்து, சட்ட ஆலோசகரையும் நிதி ஆலோசகரையும் அமர்த்தி, அரசோடு நீண்ட காலம் பேரம் பேசின. 2024 டிசம்பரிலேயே அப்பேரம் முடிவுற்றது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்போ 2023 ஜூலை முதல் நாளில் பாராளுமன்ற அனுமதி பெற்றுச் சில வாரங்களில் நடந்தேறியது. சேமலாப நிதி தன் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, முதலில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளைப் பெற வேண்டும். மறுத்தால் 30 வீத வரி என்பது நிபந்தனை. வங்கிகளின் முறிகளுக்கு அந்நிபந்தனை இல்லை. உறுப்பினர் கணக்குக்கு ஆண்டு வட்டி 9 வீதத்துக்குக் குறையாதென அரசு சொல்லியது. அது உண்மையாகவே இருக்கட்டும். அந்த 9 வீதம் போதுமா என்று கேட்க உறுப்பினருக்கு ஓர் ஆலோசகர் இருந்தாரா? ஒரு வாக்கு இருந்ததா?

இங்கேதான் வரலாறு நம் வகுப்பறைக்குள் நுழைகின்றது. ஐரோப்பியச் சேமிப்பாளன் தன் தரகரைக் கேட்கும் வினாக்கள் நியாயமானவை. அவற்றைக் கேட்க அவனுக்கு உரிமையளித்த சட்டங்களும் நியாயமானவையே. அவனை நாம் பழிக்கவில்லை. அதே வினாக்களைக் கேட்கும் உரிமையை லயன் அறையில் வாழ்பவளுக்கும் கோருகிறோம். சேமலாப நிதியின் முதலீட்டை மேற்பார்வை செய்யும் சபையில், தொழிலாளரே தேர்ந்தெடுத்த பேராளர் அமர்தல் வேண்டும். ஆண்டுக் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் அவள் கைக்கு வருதல் வேண்டும். நிலுவை வைத்த நிருவாகம் வட்டியோடு அதைச் செலுத்துதல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹந்தானை நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கால், உருளைகளைக் காட்டிய பின் மேற்கூறிய மூன்று வினாக்களையும் அவர்களிடம் கொடுத்து விடுங்கள். வீடு திரும்பித் தம் தாய் தந்தையரின் சேமலாப நிதிக் கணக்கை எடுத்து, அவ்வினாக்களுக்கு விடை எழுதி வரச் சொல்லுங்கள். பல இடங்களில் தாள் வெறுமையாகவே வரும். அவ்வெறுமையிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.